ஓடி வரும் பூனையா, ஓடி ஒளியும் பூனையா?

வீட்டுக்கு ஒரு பூனை வேண்டும் என்று முடிவெடுக்க எங்களுக்கு ஒரு நாள்தான் ஆனது. எந்தப் பூனை என்று முடிவெடுக்க ஆறு வாரம் ஆயிற்று.

முதல் முடிவு எலிகளால் வந்தது. குன்னூரில் எங்கள் வீடு ஊருக்குச் சற்று வெளியே இருக்கிறது. பின்பக்கம் தேயிலை, அதற்குக் கீழே சோலை. வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் சுண்டெலி முதல் பெருச்சாளி வரை எல்லாம் காய்ந்த இடம் தேடி உள்ளே வந்துவிடும். போன நவம்பரில், விதைக்கென்று எடுத்து வைத்திருந்த உருளைக்கிழங்கில் பாதி போயிற்று. "பொறி வெச்சு எத்தனை நாளைக்குப் பிடிப்பே தம்பி? ஒரு பூனையைக் கொண்டு வா" என்றார் அம்மா. பெருச்சாளியைப் பூனை ஒன்றும் செய்யாது, அது பூனையையே விரட்டும் அளவுக்கு இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சுண்டெலிகள் பூனை வாடை அடிக்கும் வீட்டில் அவ்வளவு தைரியமாகக் குடியேறுவதில்லை.

அப்புறம்தான் வீடு நான்காகப் பிரிந்தது. மகளுக்குக் குட்டி வேண்டும், எஸ்டேட் லைன் வீட்டில் ஒரு பூனை ஐந்து குட்டி போட்டிருந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் என் மனைவியின் அண்ணன் ஒரு பர்சியன் வாங்கித் தருவதாகச் சொன்னார். நான் வேலை பார்க்கும் தேயிலை ஃபாக்டரியில் சுற்றும் கடுவனையே வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம் என்பது என் கணக்கு. மனைவி மட்டும், காப்பகத்தில் வளர்ந்த பூனைகள் வீடு கிடைக்காமல் இருக்கின்றன, முதலில் போய்ப் பார்ப்போம் என்றாள்.

பர்சியன் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். "மாப்ளே, மலைக் குளிருக்கு அந்த முடிதான் தாங்கும்" என்பது மச்சானின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1,850 மீட்டர் உயரத்தில் பூனைக்குக் குளிரைவிட ஈரம்தான் பெரிய தொந்தரவு. வருடத்தில் பல மாதம் நம் துணியே காயாத ஊரில், தினமும் சீவிவிட வேண்டிய அந்த நீள முடி எப்படிக் காயும்? பர்சியன் பூனைகளுக்குப் படர்தாமரை எளிதில் பிடிக்கும், அது வீட்டு மனிதருக்கும் தொற்றும். தட்டை முகத்தால் மூச்சிரைப்பும் கண்ணில் நீர் வடிவதும் உண்டு. சிறுநீரகத்தில் கட்டிகள் வளரும் பரம்பரை நோய் ஒன்றும் அந்த இனத்தில் ஓடுகிறது. நம் நாட்டுப் பூனையோ குளிர் காலத்தில் தானாகவே அடர்த்தியாக முடி வளர்த்துக்கொள்ளும். எலியைக் கண்டால் பர்சியன் என்ன செய்யும் என்பதை மச்சான் கடைசி வரை சொல்லவில்லை.

ஃபாக்டரிக் கடுவனை நானே விட்டுக்கொடுத்தேன். ஆறேழு வயது இருக்கும், காது கிழிந்தவன், யாரையும் தொட விடமாட்டான். கருத்தடை செய்யாத கடுவன் வீட்டுக்குள் வந்தால் சுவரெல்லாம் மூத்திரம் பீய்ச்சி எல்லை போடுவான். அறுவை சிகிச்சை செய்தாலும் இத்தனை வருடப் பழக்கம் முழுதாகப் போய்விடும் என்று சொல்ல முடியாது. அவனுக்கு ஃபாக்டரியே வீடு. மூன்று ஷிஃப்ட் ஆட்களும் மீன் துண்டு போடுகிறார்கள். எடுத்து வந்தால் அவனுக்கும் நஷ்டம், எங்களுக்கும் நஷ்டம்.

குட்டி விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அதற்கு ஒரு முன்கதை உண்டு. அதற்கு முந்தைய ஜூனில்தான் மகள் ஒரு குட்டியைக் கொண்டு வந்திருந்தாள். பதினொரு நாள் வீட்டையே தலைகீழாக்கிவிட்டு, பன்னிரண்டாம் நாள் சாப்பிடாமல் மூலையில் படுத்தது. வாந்தி, பேதி. காட்டிய இடத்தில் வயிற்றுப் பூச்சி என்று மருந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டது. பிறகு வேறொரு மருத்துவர் அடையாளங்களைக் கேட்டுவிட்டு, பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோயாகத்தான் இருக்கும் என்றார். தடுப்பூசி போடாத குட்டிகளை அது கொத்தாகக் கொண்டு போகும். அந்த வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம் வரைகூடத் தாக்குப்பிடிக்கும். சோப்புத் தண்ணீருக்கும் வழக்கமாகத் தரை துடைக்கும் மருந்துகளுக்கும் சாகாது, ப்ளீச்சிங் கரைசலில் ஊறினால்தான் போகும். அந்தக் குட்டி செத்து எட்டு மாதம்கூட ஆகாத வீட்டில் இன்னொரு இளங்குட்டியைக் கொண்டுவந்து விடுவது என்றால்? மகளிடம் இதைச் சொன்னபோது அவள் வாதாடவே இல்லை. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இந்த முன்கதை இல்லாத வீட்டுக்கும் குட்டியைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. பூனைக் குட்டி மனிதரோடு பழகும் குணம் பெரும்பாலும் பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் உருவாகிவிடுகிறது. அந்த நாட்களில் எத்தனை கைகள் பதமாகத் தூக்கின என்பதைப் பொறுத்தது. தகப்பன் பூனையின் துணிச்சலும் குட்டிக்கு இறங்குகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. லைன் வீட்டுக் குட்டிக்குத் தகப்பன் யார் என்று யாருக்குத் தெரியும்? எட்டு வாரத்தில் எல்லாக் குட்டியும்தான் துள்ளும். ஒரு வயதில் அது மடியில் படுக்குமா, கையைப் பிறாண்டுமா, ஓட்டைப் பிரித்துக்கொண்டு ஊர் சுற்றுமா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். வளர்ந்த பூனையிடம் அந்தச் சீட்டுக்கட்டு ஏற்கெனவே பிரிக்கப்பட்டுவிட்டது. குணம் கண்ணெதிரே இருக்கிறது. கூச்சம் என்றால் கூச்சம், விளையாட்டு என்றால் விளையாட்டு.

செலவிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. குட்டி இலவசம்தான். ஆனால் எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வார இடைவெளியில் தடுப்பூசிகள், பன்னிரண்டு வாரத்தில் வெறிநோய் ஊசி, ஐந்தாறு மாதத்தில் கருத்தடை என்று வரிசையாக வரும். பெண் குட்டி நாலைந்து மாதத்திலேயே சினை பிடித்துவிடும், ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். தள்ளிப்போட்டால் ஒன்று ஐந்தாகிவிடும். காப்பகத்திலிருந்து வரும் வளர்ந்த பூனைக்கு இதில் பெரும்பாலானவை முடிந்திருக்கும். என்னென்ன முடிந்தது என்று சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு சிறு விலகல். கொழுந்து பறிக்கும்போது செடியடியில் குட்டிகளைப் பார்த்து, பாவம் என்று மடியில் கட்டிக்கொண்டு வருபவர்கள் நீலகிரியில் இருக்கிறார்கள். அது காட்டுப்பூனைக் குட்டியாகவோ சிறுத்தைப்பூனைக் குட்டியாகவோ, சில சமயம் சிறுத்தைக் குட்டியாகவோகூட இருக்கலாம். தாய் இரை தேடப் போயிருக்கும், ஆள் நடமாட்டம் அடங்கியதும் திரும்பி வரும். எடுக்காமல் நகர்ந்துவிட்டு வனத்துறைக்குச் சொன்னால் போதும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வளர்ப்பது குற்றம். இலவசக் குட்டி என்று நினைத்து இந்தப் பட்டியலில் இதைச் சேர்த்துவிடாதீர்கள்.

சரி, காப்பகம். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நால்வரும் போனோம். ஒப்பிட வேண்டிய நிஜமான இரண்டு பூனைகளை அங்கேதான் பார்த்தோம்.

ஒன்று செம்மஞ்சள் நிறக் கடுவன், இரண்டு வயது, கருத்தடை ஆனவன். நாங்கள் உட்காரும் முன்னே அம்மாவின் மடியில் ஏறிவிட்டான். முகத்தை முகத்தோடு உரசினான், மகளின் சடையைக் கடித்தான், என் சட்டைப் பையில் தலையை விட்டான். அம்மா அங்கேயே அவனுக்கு ராஜா என்று பேர் வைத்துவிட்டார்.

இன்னொன்று சாம்பல் வரிப் பெட்டை, மூன்று வயது. அவளை நாங்கள் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அலமாரிக்குப் பின்னால் ஒரு வால் நுனி போவது தெரிந்தது, அவ்வளவுதான். இடது காதின் நுனி வெட்டியிருக்கும், தெருவில் பிடித்துக் கருத்தடை செய்ததற்கு அதுதான் அடையாளம் என்று அங்கிருந்த பெண் சொன்னார். பேர் மிளகு. "ஏழு மாசமா இங்கதான் சார் இருக்கா. வர்றவங்க யாரும் இவளைக் கேக்கறதில்ல. பார்த்தாத்தானே கேப்பாங்க!"

எழுந்து வந்திருப்போம். அந்தப் பெண்தான் ஒரு சணல் கயிற்றை மகள் கையில் கொடுத்து, அவளைப் பார்க்காமல், பேசாமல், தரையில் மெதுவாக இழுக்கச் சொன்னார். பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு அலமாரி இடுக்கிலிருந்து ஒரு கை வந்து கயிற்றை அமுக்கியது. உள்ளே போனது. மறுபடி வந்தது. கால் மணி நேரத்தில் பாதி உடம்பு வெளியே. கயிறு போகும் பக்கமெல்லாம் புட்டத்தை ஆட்டி ஆட்டிப் பாய்ந்தாள். அம்மா இருமினார், பூனை மாயம்.

பூனைகளைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் உருப்படியானது அந்த அரை மணி நேரம்தான். கூச்சப் பூனையையும் காட்டுத்தனமான பூனையையும் பிரித்துக் காட்டுவது விளையாட்டு. மனிதனோடு பழகவே பழகாத பூனை ஆள் இருக்கும் அறையில் விளையாடாது. பம்மிக்கொண்டு உறைந்துபோகும், இல்லையென்றால் சீறும். பல நேரம் ஆள் போன பிறகுதான் சாப்பிடவே செய்யும். பயத்தை மறந்து பத்து விநாடி விளையாடும் பூனைக்கு வெளியே வரும் வழி ஏற்கெனவே தெரியும். அதற்கு நேரம்தான் வேண்டும். விளையாட்டும் இல்லாமல் ஒளிந்தே கிடக்கும் பூனை என்றால் நோயோ வலியோ இருக்கிறதா என்று முதலில் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

இருந்தாலும் வீடு திரும்பும் வழியில் ராஜாவுக்கு மூன்று ஓட்டு, மிளகுக்கு ஒன்று. அந்த ஒன்று என் மனைவியுடையது. அவள் சொன்ன காரணம் எங்கள் யாருக்கும் தோன்றாதது. "நம்ம சமையக்கட்டுக் கதவு என்னைக்குங்க சாத்தியிருக்கு?"

உண்மை. அம்மா விடிந்ததும் பின்கதவைத் திறந்தால் பொழுது சாய்ந்துதான் சாத்துவார். அந்தக் கதவுக்கு வெளியே முப்பது அடியில் தேயிலை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சிறுத்தை வீட்டு வாசல் வரை வருவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் பக்கத்து வீட்டு நாய் போன வருடம் ஒரே சத்தத்தோடு முடிந்தது. நாயை எடுக்கும் சிறுத்தைக்குப் பூனை ஒரு வாய். ராஜா மாதிரிப் பூனை திறந்த கதவைக் கண்டால் போவான். யாரைக் கண்டாலும் போவான். சீசனில் வழி தவறி எங்கள் சந்தில் வண்டியைத் திருப்பும் டூரிஸ்ட்டின் கார் கதவு திறந்திருந்தால் அதிலும் ஏறுவான். அவனுடைய நல்ல குணமே எங்கள் வீட்டில் அவனுக்கு ஆபத்து. பட்டணத்தில் மூன்றாவது மாடியில் ஜன்னல் வலை போட்ட வீடு என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு ராஜாவைத்தான் சொல்வேன்.

கூச்சப் பூனை திறந்த கதவைக் கண்டால் கட்டிலடிக்குப் போகும். எங்களுக்கு வேண்டியது அதுதான்.

ஆனால் இதையே தலைகீழாகவும் பார்க்க வேண்டும், நான் பார்த்தேன். கூச்சப் பூனை தப்பித் தவறி வெளியே போய்விட்டால் கூப்பிட்டால் வராது. தேயிலைக்குள் பதுங்கி, பசித்தாலும் சத்தம் கொடுக்காமல் இருக்கும். தொலைந்த பூனைகள் பெரும்பாலும் சில வீடுகள் தள்ளியே ஒளிந்திருக்கும் என்பார்கள், ஆனால் சிறுத்தை உலவும் சரிவில் அந்தச் சில வீடுகளே அதிகம். ஆக, கூச்சம் பாதுகாப்புதான், ஆனால் கதவு சாத்தியிருக்கும் வரைதான். பின்கதவுக்குக் கம்பி வலைக் கதவு ஒன்று செய்யச் சொன்னேன். அம்மாவுக்குக் காற்றும் வரும், பூனையும் உள்ளே இருக்கும். கூரை ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே கை நுழையும் இடைவெளிகளையும் அடைத்தேன். எலிக்கும் அது நல்ல மருந்து என்பது பிறகு தெரிந்தது.

மருத்துவரிடம் கொண்டு போவதும் கூச்சப் பூனையில் பெரிய வேலை. கூடை கண்ணில் பட்டாலே ஆள் காணாமல் போய்விடும். எங்கள் தீர்வு, கூடையை வருடம் முழுக்கத் திறந்தே ஒரு மூலையில் போட்டு, உள்ளே பழைய கம்பளித் துணி விரித்து வைப்பது. இப்போது அவள் தூங்குவதே அதில்தான். ராஜாவாக இருந்தால் பைக்குள் தானே குதித்திருப்பான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

கூச்சப் பூனையை எடுப்பதென்றால் முதல் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் வீட்டின் போக்குப் பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று நினைக்கும். மிளகு இந்தக் கணக்கை அப்படியே மதிக்கவில்லை. முதல் ஐந்து நாள் பகலில் சாப்பாட்டைத் தொடவில்லை, இரவில் தட்டு காலியாகும். வீடு முழுக்க விடாமல் ஒரு சின்ன அறையை மட்டும் கொடுத்தோம். ஒரு பக்கம் ஒளிய அட்டைப் பெட்டி, எதிர்ப் பக்கம் மலத்தட்டு, நடுவில் உணவும் தண்ணீரும். மகள் தினமும் மாலை அந்த அறைத் தரையில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதுவாள், பூனையைக் கூப்பிடமாட்டாள். கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல், மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் சமாதானம். பதினேழாம் நாள் மிளகு பதிலுக்குக் கண்ணை மூடித் திறந்தாள் என்று மகள் ஓடி வந்து சொன்னாள். தூக்கம் வந்திருக்கும் என்றேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மலை வீட்டுக்கென்று தனியாகச் சில ஜாக்கிரதைகள் உண்டு, இவை எந்தப் பூனைக்கும் பொருந்தும். எங்கள் ஊரில் தரை துடைக்க எல்லோரும் ஊற்றும் பினாயில் பூனைக்கு விஷம். நடந்த பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்தால் அரை மாத்திரையே கொன்றுவிடும். நாய் உண்ணிக்குப் போடும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் அப்படித்தான். நீலகிரிப் பசுமைக் குடில்களில் லில்லியம் பூ நிறைய வளர்கிறது, விசேஷத்துக்கு வீட்டுக்கும் வரும். அந்த லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும். ஜாடியில் வைக்கவே வேண்டாம். குளிருக்கு மூடிய அறையில் கரிக் கணப்பு வைப்பது மனிதருக்கே உயிராபத்து, கட்டிலடியில் படுக்கும் பூனைக்குச் சொல்லவா வேண்டும்? துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் போதும்.

மலத்தட்டுக்கு மணல் இங்கே கீழிருந்து லாரியில் வர வேண்டும், மழையில் அது காய்வதும் இல்லை. மர மில்லிலிருந்து வாங்கும் மரத்தூள் எங்களுக்குச் சரிப்பட்டது. தினமும் அள்ளிவிட வேண்டும். சில பூனைகளின் மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி ஒரு நாளாவது கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும் என்பதால், அன்றன்றே அள்ளினால் பாதிப் பயம் தீர்ந்தது. கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்யாமல் இருப்பது நல்லது. அள்ளியதைக் கேரட் பாத்தியில் எருவாகப் போட்டுவிடக் கூடாது. பிளாஸ்டிக் பைக்குத் தடை உள்ள மாவட்டம் இது, ஆகவே பழைய பேப்பரில் சுற்றுகிறோம். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வெறிநோய் நாயிடமிருந்து மட்டும் வருவதில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் அம்மாவோடு ஒரு சின்னச் சண்டை. பாலும் சோறும் என்பது அவர் கணக்கு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதி பிடிக்கும். டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது, அது இல்லாவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். இப்போது அவித்த மத்தியும் கடைத் தீனியுமாகப் போகிறது. அம்மா யாருக்கும் தெரியாமல் பால் வைக்கிறார், மிளகு அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பிரச்சினை தீர்ந்தது.

ஆக, கூச்சமும் விளையாட்டும் கலந்த வளர்ந்த பூனை எல்லோருக்கும் பொருந்துமா என்றால், பொருந்தாது. ஹோம்ஸ்டே நடத்தும் வீட்டுக்கு வேண்டாம். வாரம் ஒரு புதுக் குடும்பம் பெட்டியோடு வந்திறங்கும் வீட்டில் அது வருடம் முழுக்கப் பீரோவுக்குப் பின்னால்தான் வாழும். அங்கே ராஜாதான் சரி, அதுவும் கதவைக் கவனிக்க ஆள் இருந்தால். நான்கு வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டுக்கும் நான் சொல்லமாட்டேன். துரத்திப் பிடிக்கக் கூடாது என்பது அந்த வயதுக்குப் புரியாது. வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாகும் உத்தியோகத்தில் இருப்பவர்களும் யோசிக்க வேண்டும், ஒவ்வொரு புது வீட்டிலும் அந்த மூன்று மாதம் முதலிலிருந்து தொடங்கும். வேலைக்குப் போய்விட்டு மாலையில் வந்து மடியில் ஒன்று குறுகுறுக்க வேண்டும் என்று ஏங்குபவருக்கும் இது ஏமாற்றமாக இருக்கும். எங்கள் மடியில் மிளகு இன்னும் படுக்கவில்லை. மனைவியின் கால்மாட்டில் போர்வை மேல் படுக்கிறாள், அதுவும் விளக்கை அணைத்த பிறகு.

ராஜாவுக்குக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. நாங்கள் மிளகைக் கூட்டிவரப் போன அன்றைக்கு அவன் ஏற்கெனவே வெலிங்டன் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்விட்டிருந்தான்.

எலி? நவம்பர் மழை வந்தால்தான் தெரியும். இதுவரை இரண்டு சுண்டெலி. ஒன்றை விளையாடி விளையாடி அவளே தப்பவிட்டுவிட்டாள்.

மச்சான் இதற்குள் இரண்டு முறை வந்து தங்கிப் போய்விட்டார். ஒவ்வொரு முறையும் மிளகு அவர் வண்டிச் சத்தத்துக்கே பீரோ மேல் ஏறி, போர்வை மூட்டைக்குள் போய்விடுவாள். அவர் போய் அரை மணி கழித்துத்தான் இறங்குவாள். போன வாரம் போன் செய்தார். "மாப்ளே, மனசு விட்டுச் சொல்லுங்க. உங்க வீட்டுல பூனை இருக்கா, இல்லையா? அந்தப் பர்சியன் இன்னும் அங்கதான் இருக்கு."